பிளம்பர்

போனில் அவள் பெயரை
'பிளம்பர்' என்று போட்டு வைத்திருந்தேன்.
தண்ணியை நிறுத்த வருகிறவளுக்கு
வேறென்ன பெயர் வைப்பது?

பகலில் கூப்பிட வெட்கம்.
இரவு இரண்டே முக்காலுக்குக் கூப்பிடுவேன்.
ஈசூன் முழுக்கத் தூங்கும்.
எதிர் புளோக்கில் ஒரே ஒரு சமையலறை விளக்கு,
அதுவும் யாரோ அணைக்க மறந்தது.
சுவீ லிங் அந்நேரம் சந்தையில் இருப்பாள்,
மீன்பெட்டிகளை இறக்கிக்கொண்டு.
அவள் குரலுக்கு முன்
ஐஸ் அள்ளும் சத்தம் வரும்.

அந்தச் சத்தத்துக்கு என் தொண்டை
வேறு அர்த்தம் படித்திருந்தது.
ஒருநாள் அதைச் சொல்லிவிட்டேன்.
சிரித்தாள்.
எனக்கும் அப்படித்தான் கேட்கும்,
வெறும் மீனாகக் கேட்க ஒன்றரை வருஷம் ஆனது என்றாள்.

அவளுக்குத் தெரிந்த தமிழ் ஒரு சொல்:
போதும்.
இறால் நிறுக்கையில் நம் பெண்கள் சொல்லிச் சொல்லி
காதில் ஏறியது.
எனக்குச் சீனம் ஒன்று முதல் பத்து வரை.
மிச்சத்தை மலாயில் பேசிக்கொள்வோம்.
"சுடா மாக்கான்?"
எடுத்ததும் அதைத்தான் கேட்பாள்.
கை நடுங்க நிற்பவளிடம்
சாப்பிட்டாயா என்று கேட்டால்
அழுகை வராமல் என்ன செய்யும்?

சாங்கியில்
விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் கழுவினேன்.
வானத்திலிருந்து திரும்பும் தள்ளுவண்டிகளில்
விரலளவு புட்டிகள்,
பாதி மிச்சத்தோடு.
யாரும் எண்ணுவதில்லை.
நான் எண்ணினேன்.

விட்டுவிடு என்று அவள் சொன்னதே இல்லை.
நாளைக்கு மேலாளரிடம்
போர்வை மடிக்கும் பிரிவைக் கேள் என்றாள்.
கேட்டேன்.
கிடைக்க ஏழு வாரம் ஆனது.
ஏழு வாரமும் ஷிஃப்ட் முடிகிற நேரம் பார்த்து
போன் அடித்தது.

தொண்ணூற்று நான்காம் நாள், தீபாவளிக்கு முந்தின இரவு,
தவறினேன்.
"எத்தனை?"
"மூணு."
"நிஜமாக?"
"அஞ்சு."
"சரி. விடிந்தால் ஒன்று."
ஐஸை அள்ளப் போய்விட்டாள்.

மகன் யுகேந்திரன்
முகாமிலிருந்து சனிக்கிழமைகளில் வருவான்.
அம்மாவுக்கு நடுராத்திரியில
எந்தக் குழாய் ஒழுகுது என்று ஒருமுறை கேட்டான்.
நான் துணி மடித்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு
நிஜமாகவே ஒழுகியது, சிங்க்குக்கு அடியில்.
நான் குளித்துக்கொண்டிருந்தேன்.
என் போனை எடுத்து
பிளம்பரைக் கூப்பிட்டிருக்கிறான்.

"எத்தனை கிளாஸ்? பொய் சொல்லாதே.
அரிசி வாளியைத் தொடாமல்
வாசல்ல போய் உட்காரு. வர்றேன்."

"ஆண்ட்டி," என்றானாம்,
"குழாய்தான் ஒழுகுது."

ஈரத் தலையோடு வந்து பார்க்கிறேன்,
அரிசி வாளிக்கு முன்னால் மண்டியிட்டு
முழங்கை வரை கையை விட்டிருக்கிறான்.
அரிசிதான் இருந்தது.
கையை எடுத்தான்.
மாவு படிந்த அந்தக் கையைத்
துடைக்காமல் வைத்திருந்தான்.

வர வேண்டாம் என்று சொல்லியும்
அவள் வந்தாள்.
கடையைக் காய்கறிக்காரரிடம் விட்டுவிட்டு,
ரப்பர் பூட்ஸில் செதில்கள் மின்ன,
ஸ்பேனர்கூட இல்லாமல்.
குழாயைக் குனிந்து பார்த்தாள்.
தெரியாது என்று தலையாட்டி
ஒரு வாளியை அடியில் வைத்தாள்.
மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம்.
யாருக்கும் பேச்சு வரவில்லை.
வாளி நிறைய நிறைய
சொட்டின் சத்தம் மாறிக்கொண்டே வந்தது.
விளிம்பு வரை வந்ததும் அவள் அதைப் பார்த்து
"போதும்" என்றாள், தமிழில்.
அவன்தான் முதலில் சிரித்தான்.

திங்கட்கிழமை வந்த பிளம்பர்
தொண்ணூறு வெள்ளி வாங்கிக்கொண்டார்.

போன வாரம்
மேசைமேல் யுகேந்திரனின் போன் ஒளிர்ந்தது.
திரையில்: பிளம்பர்.
எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனான்.
எந்தக் குழாய் என்று நான் கேட்கவில்லை.
ஜன்னல் திறந்திருந்தது.

"சாப்பிட்டாங்க ஆண்ட்டி.
ஆமா.
இப்பதான் சாப்பிட்டாங்க."